முதல் பக்கத்தைக் கெடுங்கள்!

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு விபத்து. உயிர்ச்சேதம் இல்லை. ஆடிட் ஃபைல்களோடு ஒட்டிக்கொண்டு என் குட்டி ஸ்கெட்ச் புக்கும் மானேஜர் ரூமுக்குள் போய்விட்டது.

அந்த நோட்டில் எங்கள் டிபார்ட்மெண்டே இருக்கிறது. கொட்டாவி விடும் கேஷியர், ஜன்னலோரம் நின்று ரகசியமாக போன் பேசும் டைப்பிஸ்ட், மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி லீவு லெட்டருக்குக் காரணம் யோசிக்கும் நண்பன். எல்லோரையும்விட அதிகப் பக்கங்களில் இருப்பவர் மானேஜர். மாதா மாதம் ரிவ்யூ மீட்டிங்கில் அவர் இரண்டு மணி நேரம் பேசுவார். அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிற மாடல் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அவர் மூக்குக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். அதற்கு அந்தத் தகுதி உண்டு.

மூன்றரை மணிக்கு அட்டெண்டர் வந்து, "சார் கூப்பிடறார்" என்றார். குரலில் அனுதாபம் இருந்தது.

மானேஜர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குப் பக்கம்.

"என்னய்யா இது?"

"ஸ்கெட்ச் புக் சார்."

"அது தெரியுது. இவ்ளோ சின்னதா, பாக்கெட்ல வைக்கற மாதிரி எங்க வாங்கினீங்க?"

நான் எதிர்பார்த்த கேள்விகள் பட்டியலில் இது இல்லவே இல்லை. ஸ்கூல் நாட்களில் அவரும் வரைவாராம். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நல்ல நோட்டாக ஒன்று வாங்கினாராம். வீட்டில் சும்மா கிடக்கிறதாம்.

"சார், நோட்டு வாங்கறது ஒரு பெரிய கதை. நாலு தடவை தோத்திருக்கேன்" என்றேன்.

"சொல்லுங்க. ஆடிட்டர் வர இன்னும் அரை மணி இருக்கு."

அவருக்குச் சொன்னதை, மூக்கைப் பற்றிய சமாதானங்களை மட்டும் நீக்கிவிட்டு, உங்களுக்கும் சொல்கிறேன்.

* * *

முதல் தோல்வி, அளவு.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன் ஒருவன் எனக்கு ஒரு ஸ்கெட்ச் புக் கொடுத்தான். ஏ4 அளவு, கெட்டி அட்டை, உள்ளே பட்டுப்புடவை மாதிரி காகிதம். வீட்டுக்கு வந்த மருமகளை வரவேற்கிற மாதிரி அதை வரவேற்றேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். பிறகு யோசித்தேன். இவ்வளவு நல்ல காகிதத்தில் கண்டதையும் வரையலாமா? கை கொஞ்சம் பழகட்டும், ஒரு நல்ல படம் வரட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று பரணில் வைத்தேன். அடுத்த சில வருஷங்கள் அந்த நோட்டில் இருந்த ஒரே ஓவியம் அந்தப் பிள்ளையார் சுழிதான்.

ஒரே ஒரு தடவை அதை எலெக்ட்ரிக் ட்ரெயினில் எடுத்துப் போனேன். தாம்பரத்தில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, நோட்டைத் திறந்தால் என் இரண்டு முழங்கைகளும் இரண்டு பக்கத்து விலாக்களில் இருந்தன. குரோம்பேட்டையில் ஒருவர் முறைத்தார். பல்லாவரத்தில் இன்னொருவர், "சார், டிராயிங் மாஸ்டரா?" என்று கேட்டார். மீனம்பாக்கத்தில் மூடிவிட்டேன்.

காகித அளவுகளில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. ஏ0 என்பது சரியாக ஒரு சதுர மீட்டர் பரப்பு. அதைப் பாதியாக மடித்தால் ஏ1. இன்னும் பாதி, ஏ2. இப்படியே போனால் நம் ஜெராக்ஸ் தாளான ஏ4, 210க்கு 297 மி.மீ. அதில் பாதி ஏ5, 148க்கு 210. அதிலும் பாதி ஏ6, 105க்கு 148. எத்தனை தடவை மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, 1.414 என்று இரண்டின் வர்க்கமூலமாகவே நிற்கும். குடும்ப மூக்கு தலைமுறை தலைமுறையாக வருகிற மாதிரி. (மானேஜரிடம் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை.)

எதை வாங்குவது என்பதற்குச் சட்டைப் பை சோதனை போதும். கடைக்குப் போகும்போது தினமும் ஆபீஸுக்குப் போடுகிற சட்டையையே போட்டுக்கொண்டு போங்கள். நோட்டைப் பாக்கெட்டில் வையுங்கள். குனியுங்கள். கீழே விழாமல், தையலும் கிழியாமல் இருந்தால் அதுதான் உங்கள் அளவு. ஏ6 பெரும்பாலான பாக்கெட்டுகளில் கொஞ்சம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், பரவாயில்லை. தோளில் பை மாட்டுகிறவர்கள் ஏ5 வரை போகலாம். அதற்கு மேல் போனால் அது வீட்டு நோட்டு. கூட வராது.

இரண்டாவது தோல்வி, பைண்டிங்.

ஏ4 பாடத்துக்குப் பிறகு, ஒரு சின்ன ஸ்பைரல் நோட்டு வாங்கினேன். பக்கத்தை முழுசாகப் பின்னால் மடிக்கலாம், நின்றுகொண்டே வரையலாம் என்று அதற்குச் சில நல்ல குணங்கள் உண்டு. ஆனால் பாக்கெட்டில் வைத்தால் கம்பி நெளிந்தது. நெளிந்த கம்பி சட்டையைப் பிடித்தது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெரியவரின் துண்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் சைதாப்பேட்டையில் சேர்ந்தே இறங்கும்படி ஆனது. தவிர, ஸ்பைரலில் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். பென்சில் படம் ஒரு மாதத்தில் புகைமூட்டமாகிவிடும்.

அடுத்து வாங்கியது முதுகில் வெறும் பசை ஒட்டிய நோட்டு. மூன்று தடவை அகலமாகத் திறந்தேன். நாலாவது தடவை அது தானாகவே தன் பக்கங்களை எனக்கு ஒவ்வொன்றாக நீட்ட ஆரம்பித்தது. ஐப்பசி மாதக் காற்றில் எழும்பூர் பிளாட்பாரத்தில் என் ஓவியங்களைத் துரத்திக்கொண்டு நான் ஓடியதை யாராவது பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

நமக்கு வேண்டியது நூலால் தைத்த நோட்டு. தாள்களை எட்டெட்டாகவோ வேறு கணக்கிலோ கட்டுக் கட்டாக மடித்து, மடிப்பில் ஊசி ஓட்டித் தைத்து, கட்டுகளைச் சேர்த்து அட்டை போட்டிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம். நடுப்பக்கம் மாதிரி இருக்கிற இடத்தைத் திறந்து பாருங்கள். மடிப்பில் நூல் தெரிந்தால் தையல். தைத்த நோட்டு தட்டையாகத் திறந்து படுக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து நீளமாக ஒரு தெருவையே வரையலாம். கோயில் குளம், ரயில்வே ஸ்டேஷன், கல்யாணப் பந்தி, இதெல்லாம் ஒற்றைப் பக்கத்தில் அடங்கக்கூடியவை அல்ல.

மூன்றாவது தோல்வி, காகிதம்.

கடைக்காரரிடம் "நல்ல பேப்பரா?" என்று கேட்காதீர்கள். அவர் இதுவரை யாரிடமும் "இல்லை" என்று சொன்னதில்லை. "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் ஜி.எஸ்.எம். ஆபீஸ் ஜெராக்ஸ் தாள் சாதாரணமாக 70 அல்லது 80. அதாவது 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம். (16 ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், வரும்.) இதில் வரைந்தால் இந்தப் பக்கத்து மீசை அந்தப் பக்கத்துப் பெண்ணின் முகத்தில் தெரியும். பேனாவுக்கும் பென்சிலுக்கும் 110லிருந்து 150 வரை போதும். வாட்டர் கலர் பூச வேண்டும் என்றால் 200க்கு மேல், தாராளமாகத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு 300. குறைந்தால் காகிதம் அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும்.

ஆனால் தடிமன் ஏற ஏறப் பக்கம் குறையும், எடை கூடும். 120 ஜி.எஸ்.எம். ஏ6 தாள் ஒன்றின் எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. 48 தாள் வைத்தாலும் 90 கிராம்தான். அட்டையோடு சேர்த்தால்கூட பாக்கெட்டைக் கீழே இழுக்காத பாரம்.

படம் வரைகிற காகிதத்துக்கு ஆங்கிலத்தில் கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்று பெயர். ஒரு காலத்தில் துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து சுற்றப் பயன்பட்ட உறுதியான காகிதம், அதனால் அந்தப் பெயர். சண்டைக்குச் செய்தது சாதுக்களின் கைக்கு வந்த அபூர்வமான உதாரணம்.

இன்னொரு விஷயம். நியூஸ் பேப்பர் மாதிரியான மலிவான காகிதத்தில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், பிறகு நொறுங்கும். கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நினைத்தால் ஆசிட் ஃப்ரீ என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் சொந்தப் பேனாவால் கடைசிப் பக்க மூலையில் ஒரு கோடு போட அனுமதி கேளுங்கள். மை பரவினால் நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முறைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

* * *

இதுவரை கடைச் சமாச்சாரம். நாலாவது தோல்விதான் என்னைத் தூங்கவிடாதது. அதற்கு நோட்டைக் குறை சொல்ல முடியாது. அப்போது கையில் நோட்டே இல்லை.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். காதில் பாம்படம். மெல்லிய தங்கத் தகட்டை அடித்து, உள்ளே அரக்கு நிரப்பி, உருண்டையும் கட்டமும் முக்கோணமுமாகச் சேர்த்துச் செய்த பெரிய நகை. சின்ன வயதிலேயே காதை வளர்த்து, அந்தத் துளை தோள் வரைக்கும் தொங்கும். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது அதைப் பிடித்து ஆட்டி அடி வாங்கியிருக்கிறோம். இப்போது எங்கள் ஊர்த் தெருவில் பாம்படம் போட்ட காதுகளைத் தேடத்தான் வேண்டும்.

ஆச்சி போட்டோவுக்கு நிற்க மாட்டாள். "படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும்" என்பது அவள் கட்சி. அரசாங்கத்துக்காக இரண்டு தடவை மட்டும் விட்டுக்கொடுத்தாள், வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும். அந்தப் படங்களில் காது எது, கன்னம் எது, அது ஆச்சிதானா என்பதெல்லாம் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. கல்யாண ஆல்பங்களில் எல்லாம் ஆச்சி இருக்கிறாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு.

நாலு வருஷம் முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மருந்து வாங்கிக்கொண்டு டோக்கனுக்காகக் காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஆச்சி, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழ, பாம்படத்தின் நிழல் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வரைந்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தது. பாக்கெட்டில் தடவினேன். பால் பேனா இருந்தது. பட்டுப்புடவைக் காகிதம் சென்னையில் பரணில் இருந்தது.

கையில் மருந்துக் கடை பில். மெஷின் கோளாறோ என்னவோ, கணக்கு முடிந்த பிறகும் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் தாள் வந்திருந்தது. வழவழவென்று இருந்த பக்கத்தில் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. பத்து நிமிஷம். எனக்கே ஆச்சரியமாக, ஆச்சியின் தாடை, சுருங்கிய கன்னம், காது, பாம்படத்தின் ஒவ்வொரு உருண்டையும் சரியாக வந்து உட்கார்ந்தன. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு படம் வந்ததில்லை.

ஆச்சி பார்த்துவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். கிட்டத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாந்தானா எய்யா?" என்றாள்.

"போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னியே ஆச்சி, இது பரவால்லியா?"

"போட்டாக்காரன் வெடுக்குன்னு புடுங்கிட்டுப் போயிருவான். நீ எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேல்லா இருக்க. பாத்தா என்ன கொறையப் போவுது?"

இதைவிடப் பெரிய விளக்கத்தை நான் எந்த ஓவியப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தப் பில்லைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்தேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மருந்துப் பெயர்கள் எல்லாம் மங்கியிருந்தன. பதறிப்போய், காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஒரு லாமினேஷன் கடைக்கு ஓடினேன். இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவே வைத்து மெஷினில் விட்டார் கடைப் பையன். அந்தப் பக்கம் வெளியே வந்தது கறுப்பாக ஒரு பட்டை.

பில், ஆச்சி, பாம்படம், சாயங்கால வெயில், எல்லாம் ஒரே அமாவாசை.

விஷயம் இதுதான். இப்போது பல கடைகளில் தருகிற பில்லில் மையே கிடையாது. தாள்மேல் சாயமும் அதைக் கறுப்பாக்குகிற வேறொரு ரசாயனமும் பூசியிருக்கும். மெஷினின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து எழுத்தாகத் தெரியும். அதனால்தான் நாளாக ஆக மங்குகிறது. அதே காரணத்தால்தான், மொத்தத் தாளையும் சூட்டில் கொடுத்தால் மொத்தமும் எழுத்தாகிவிடுகிறது. கடைப் பையன்மேல் தப்பில்லை. "சீக்கிரம் போடுங்க" என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.

அதைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

லியனார்டோ டாவின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்த யோசனைகளில் ஒன்று, எப்போதும் ஒரு சின்ன நோட்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது. தெருவில் ஜனங்கள் பேசுவதை, சிரிப்பதை, சண்டை போடுவதைச் சில கோடுகளில் அங்கேயே பிடித்துவிட வேண்டும். உலகத்தில் இருக்கிற உருவங்களும் நிலைகளும் எண்ணில் அடங்காதவை, ஞாபகம் அவ்வளவையும் தாங்காது என்பது அவர் சொல்கிற காரணம். இன்னொரு தந்திரமும் சொல்கிறார். சாயம் பூசிய காகிதமாக இருக்கட்டும், அப்போதுதான் அழித்து அழித்து வரைய மாட்டீர்கள் என்று. ரப்பரின் மேல் அந்த மனிதருக்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே அவ்வளவு அவநம்பிக்கை. அவருடைய நோட்டுகளில் சில உள்ளங்கை அளவுதான், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. இன்னொரு கையெழுத்துத் தொகுப்பை 1994ல் பில் கேட்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். நம் நோட்டுகளுக்கு அந்த அபாயம் இல்லை.

இங்கிலாந்தின் டர்னர் 1851ல் இறந்தபோது விட்டுப்போன ஸ்கெட்ச் புக்குகள் மட்டும் சுமார் 300. நம் ஊரில் சில்பி என்கிற பி.எம்.சீனிவாசன் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவைதான் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வந்தன. 2007ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் ஆரம்பித்த 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவர்களுக்கும் முக்கிய விதி ஒன்றுதான்: போட்டோவைப் பார்த்து வரையாதே, அந்த இடத்திலேயே இருந்து, பார்த்து வரை.

பெரியவர்கள் அத்தனை பேரும் சொன்னது எனக்கு லாமினேஷன் கடை வாசலில்தான் புரிந்தது. நல்ல நோட்டு எது? கையில் இருப்பது. பரணில் இருப்பது நோட்டே அல்ல, அது ஒரு மரச்சாமான்.

அன்றைக்கே திரும்புகிற வழியில் ஸ்டேஷனரி கடையில் ஒன்று வாங்கினேன். ஏ6, தைத்தது, 120 ஜி.எஸ்.எம்., விலை அறுபது ரூபாய். அட்டை கெட்டி, நின்றுகொண்டு வரைந்தால் அதுவே மேஜை. பிரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு எலாஸ்டிக். சென்னை வியர்வைக்கும் மழைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர். அழகாக இல்லை. முக்கியமான தகுதியே அதுதான், கெடுத்துவிடுவோமோ என்று பயம் வராது. கடைக்குள்ளேயே முதல் பக்கத்தைத் திறந்து, கல்லாவில் உட்கார்ந்திருந்தவரை நாலு கோட்டில் வரைந்தேன். கண்றாவியாக வந்தது. அதோடு அந்த நோட்டுக்கும் எனக்கும் இருந்த மரியாதை விலகி, சிநேகம் ஆகிவிட்டது.

போன வருஷம் பொங்கலுக்கு அந்த நோட்டோடு ஊருக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். காதுகள் வெறுமையாகத் தொங்கின. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பாம்படத்தை அழித்துச் சங்கிலி பண்ணிவிட்டார்களாம்.

"காதுல கெடந்து என்னத்துக்கு? அது கழுத்துல கெடந்தா பாக்க நல்லாருக்கும்லா" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். முகம் ஒரு மாதிரியாக வந்தது, பில்லில் வந்த அளவுக்கு இல்லை. வெறும் காதை வரைந்தேன். நூல் கயிறு மாதிரி நீண்ட தோல், அதன் நடுவே நீளமாக ஒரு வெற்றிடம்.

ஆச்சி எட்டிப் பார்த்தாள்.

"பாம்படத்தப் போடலியா எய்யா?"

"இல்லியே ஆச்சி இப்ப."

"இல்லாட்டா என்ன? எனக்குத் தெரியும்லா. நான் சொல்லுதேன், நீ எழுது."

எதிர்ப் பக்கத்தில் ஆரம்பித்தோம். பல வருஷம் பார்த்த நகை, ஒரு தடவை ஒவ்வொரு உருண்டையாக வரைந்த நகை, ஆனால் எனக்கு எதற்கு அடுத்து எது என்று வரவில்லை. லியனார்டோ சொன்னது சரிதான். ஆச்சி சொல்லச் சொல்லப் போட்டேன். "இங்கன ஒரு உருண்ட. அதுக்குக் கீழ கட்டமா ஒண்ணு. அவ்ளோ பெருசு இல்ல, கொறைச்சுக்கோ. இது தப்பு." ரப்பர் கிடையாது. தப்பான கோடுகளும் அப்படியே நிற்க, பக்கத்திலேயே சரியானதைப் போட்டேன். கடைசியில் பொறுமையிழந்து, சுண்டு விரலைக் காகிதத்தில் வைத்து, "இவ்வளவுதான் இருக்கும்" என்று அளவு காட்டினாள். விரலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டேன். நகத்தில் மை பட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு பக்கங்களும் இருக்கின்றன. இடது பக்கம் காது. வலது பக்கம் பாம்படம். நடுவில் தையல் நூல். லாமினேட் செய்யவில்லை.

* * *

மானேஜர் எல்லாவற்றையும் கேட்டார். என் நோட்டைப் புரட்டி அந்த இரண்டு பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் ஆடிட்டர் வந்துவிட்டதால் நான் எழுந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு அவரே வந்தார். பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒரு ஏ6 நோட்டை எடுத்தார். சட்டைப் பை சோதனையில் தேறியிருந்தது. நடுவில் திறந்து நூலைக் காட்டினார். கேஷியர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் வாங்கினேன். ரெண்டு நாளா கையிலயே வச்சிருக்கேன், ஒரு கோடு போட வரமாட்டேங்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு ஆச்சு. அதுக்குள்ள முதல் பக்கத்தை மட்டும் நீங்களே கெடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு வரைந்தேன். மூக்கு கொஞ்சம் பெரிசாகத்தான் வந்தது. அழிக்கவில்லை.